1,600 ரிங்கிட்டில் நான்கு ரிம்: தோட்டச் சாலையில் ஓடும் ஒரு மைவியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள சிறு நகரம். பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. வயதானவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களும் பழைய ஈயக் குட்டைகளும். குலை ஏற்றிய லோரியும் மணல் லோரியும் ஒரே சாலையில் ஓடுவதால், தார் போட்ட கொஞ்ச நாளிலேயே ஓரம் உடைந்து குழி விழுந்துவிடுகிறது. தோட்டத்துக்குள் திரும்பினால் செம்மண்ணும் சரளைக் கல்லும்தான்.

இங்கே சொல்லப்படும் கார் 2012இல் பதிவான பெரோடுவா மைவி 1.3. தோட்டத்தில் குடியிருக்கும் பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர் மூன்றாம் கையாக வாங்கியது. தினமும் போக வர 38 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 6 கிலோமீட்டர் செம்மண் சாலை. மாதம் இரண்டு மூன்று முறை லத்தார் நெடுஞ்சாலை ஏறிக் கோலாலம்பூர் பக்கம் போவதும் உண்டு. குழிச் சாலை, நெடுஞ்சாலை இரண்டையும் ஒரே ரிம் தாங்கியாக வேண்டும்.

ரிம், டயர், கூலி எல்லாம் சேர்த்துச் செலவுக்கு ஒதுக்கியது 1,600 ரிங்கிட். சீட்டுப் பணம். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார்.

முதலில் தெரிந்தது

முன் இடது டயரில் காற்று நிற்கவில்லை. 33 பிஎஸ்ஐ அடித்தால் இரண்டு நாளில் 24க்கு இறங்கியது. டயர் கடையில் ஆணி தேடினார்கள்; கிடைக்கவில்லை. வால்வு மாற்றியும் அதே கதை.

பட்டறையில் சக்கரத்தைக் கழற்றி, 40 பிஎஸ்ஐ வரை காற்றேற்றி, உள்பக்க விளிம்பு முழுவதும் சோப்புத் தண்ணீர் பூசினார்கள். ஓரிடத்தில் மட்டும் நுரை வரிசையாகக் கிளம்பியது. துடைத்துப் பார்த்தபோது உள் விளிம்பிலிருந்து குழாய்ப் பகுதிக்குள் இறங்கும் மயிரிழை வெடிப்பு, ஏறக்குறைய 30 மி.மீ. நீளம். வெளியே பார்வைக்குப் படும் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அலாய் ரிம்மில் இது அடிக்கடி நடப்பதுதான். ஆரங்கள் வெளிப்பக்கத்தை ஒட்டியே அமைவதால் வெளி விளிம்புக்குத் தாங்கல் இருக்கிறது. உள் விளிம்பு தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். குழியின் ஓரத்தில் மோதும்போது அதுதான் முதலில் வளையும், வளைந்த இடம் பிறகு வெடிக்கும். இரும்பு ரிம் வளைந்து நசுங்கும், அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது. குழிச் சாலையில் ஓடுபவர்கள் ரிம்மின் பின்பக்கத்தைப் பார்க்காமல் முன்பக்கத்தை மட்டும் துடைத்து வைப்பதில் ஒரு பயனும் இல்லை.

மற்ற மூன்று ரிம்களில் ஒன்று லேசாக வளைந்திருந்தது. நான்கு டயரிலும் பூ (தரையில் படும் வரிப் பள்ளம்) 2 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தது, சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ. வேண்டும். அதனால் ஒரு ரிம்மை மட்டும் மாற்றும் யோசனையை விட்டுவிட்டு, ரிம்மும் டயரும் முழு செட்டாகப் பார்ப்பது என்று முடிவானது.

முன்னால் இருந்த வழிகள்

முதலாவது, வெடித்த ரிம்மை வெல்டிங் செய்வது. 80 ரிங்கிட்டில் முடியும். பட்டறைக்காரர் மறுத்தார், அவர் மறுத்தது சரி. வார்ப்பு அலாய் ரிம்கள் பெரும்பாலும் ஏ356 வகை அலுமினியக் கலவையில் செய்யப்படுகின்றன. வார்த்த பிறகு ஏறக்குறைய 540 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, தண்ணீரில் தோய்த்து, மறுபடி 150–170 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்துத்தான் அதற்கு வலு ஏற்றுகிறார்கள். வெல்டிங் வைத்த இடத்தைச் சுற்றி அந்த வலு போய்விடும். காற்று நிற்கும், ரிம் நிற்குமா என்பது அடுத்த குழியில்தான் தெரியும்.

இரண்டாவது, ஆசிரியையின் தம்பி கைப்பேசியில் கண்டுபிடித்தது: புது 16 அங்குல ரிம் நான்கும், ஏற்கெனவே மாட்டிய பழைய 195/45ஆர்16 டயரும் (முதல் எண் மி.மீ. அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச் சுவர் எத்தனை சதவீதம், கடைசி எண் ரிம்மின் அங்குலம்), மொத்தம் 1,450 ரிங்கிட். புகழ்பெற்ற ஜப்பானிய ரிம் ஒன்றின் நகல்.

மூன்றாவது, சிட்டி அல்லது ஜாஸில் இருந்து கழற்றிய ஹோண்டா அசல் 15 அங்குல ரிம்.

நான்காவது, கிள்ளானில் ஹாஃப்கட் கடையில் (பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய கார்களின் சாமான் விற்கும் கடை) கிடைக்கும் ஜப்பானில் ஓடிய பழைய ரிம்.

நகல் ரிம்மை ஏன் விட்டார்கள்

இந்த இடத்தில்தான் நிறைய பேச்சு நடந்தது. ரிம் புதியது, பார்க்க அழகு, விலை பட்ஜெட்டுக்குள். தம்பியின் கேள்வி நேரடியானது: "அண்ணே, புதுசு வேணாம், பழசு வேணுமா?"

பட்டறைக்காரர் வாயால் பதில் சொல்லாமல் விற்பவரிடமிருந்து ஒரு ரிம்மை வரவழைத்துத் தொங்கு தராசில் மாட்டினார். டயர் இல்லாமல் 9.6 கிலோ. பின்னால் வாங்கிய 15 அங்குல ரிம் 6.4 கிலோ. நகல் வார்ப்பவர்கள் அசலின் உருவத்தைத்தான் எடுக்கிறார்கள். அசல் அடித்து உருவாக்கிய உலோகம். நகல் அச்சில் ஊற்றியது. ஊற்றிய உலோகத்தில் அதே வலு வர வேண்டுமானால் தடிமனைக் கூட்ட வேண்டும். எடை அங்கேதான் ஏறுகிறது, அந்த எடையோடு ஷாக் அப்சார்பர் ஒவ்வொரு குழியிலும் போராடுகிறது.

அடுத்தது முத்திரை. ஆரத்தின் பின்புறம் ஜே.டபிள்யூ.எல். என்ற எழுத்து இருந்தது. அது ஜப்பானிய அரசு வகுத்த அலாய் ரிம் தர அளவுகோல்: வளைவுச் சுழற்சிச் சோதனை, சுமையோடு உருட்டும் சோதனை, மோதல் சோதனை மூன்றிலும் தேற வேண்டும். ஆனால் அந்த எழுத்தைப் பதிப்பது தயாரிப்பாளரே. 'நானே சோதித்தேன்' என்பதுதான் அதன் பொருள். மூன்றாம் தரப்பு சரிபார்த்துப் பதிவு செய்ததற்கு அடையாளம் வி.ஐ.ஏ. முத்திரை. இந்த ரிம்மில் அது இல்லை. தயாரிப்பாளர் பெயர் இல்லை, தாங்கும் சுமை இல்லை, வார்த்த தேதி இல்லை. ஜே.டபிள்யூ.எல். எழுத்து மட்டும் தனியாக நின்றால் அதை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

மூன்றாவது அளவு. ரிம் 16×7ஜே, அதாவது 16 அங்குல விட்டம், 7 அங்குல அகலம்; ஈ.டி. 35. ஈ.டி. என்பது ரிம்மின் அகலத்தில் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சு முனை) உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். பின்னால் தேர்ந்தெடுத்த ரிம் 15×6ஜே, ஈ.டி. 43. இரண்டையும் ஒப்பிடக் கணக்கு சுலபம்: அகலத்தை மி.மீட்டராக்கிப் பாதியாக்கி ஈ.டி.யைக் கழித்தால் வெளி விளிம்பின் தூரம் வரும். 16 அங்குலத்துக்கு 88.9 கழித்தல் 35, அதாவது 53.9. 15 அங்குலத்துக்கு 76.2 கழித்தல் 43, அதாவது 33.2. ஏறக்குறைய 21 மி.மீ. வெளியே துருத்தும். டயர் மட்கார்டைத் தாண்டினால் சாலைப் போக்குவரத்து இலாகா சோதனையில் சம்மன். அது போக, நாலு பேர் ஏறிக் குழியில் இறங்கினால் மட்கார்டின் உதடு டயரைச் சீவும். சக்கர பேரிங்குக்கும் சுமை கூடும்.

இவற்றையெல்லாம்விட ஆசிரியையை முடிவுக்குக் கொண்டுவந்தது டயரின் பக்கச் சுவர். காரில் இருந்த 175/65ஆர்14இல் அந்தச் சுவர் 114 மி.மீ. உயரம். 185/55ஆர்15இல் 102. 195/45ஆர்16இல் 88. பட்டறைக்காரர் சாக்குக்கட்டியால் தரையில் மூன்று கோடு போட்டு, "டீச்சர், குழிக்கும் ரிம்முக்கும் நடுவுல இருக்கிற மெத்தை இதுதான்" என்றார். ஏற்கெனவே 114 மி.மீ. இருந்தும் ரிம் வெடித்த சாலை அது. 26 மி.மீட்டரைக் கொடுத்துவிட்டு அழகை வாங்கினால், அடுத்த மழைக்காலத்தில் இன்னொரு செட் ரிம் வாங்க வேண்டிவரும்.

கூடவே வந்த டயர்களின் பக்கத்தில் டாட் எண் 3117. 2017ஆம் ஆண்டின் 31ஆம் வாரம். 'டயரோடு சேர்த்து' என்ற விலையில் டயருக்கு மதிப்பே இல்லை என்பது அதோடு தெரிந்தது.

ஹோண்டா ரிம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான்கு நட், அவற்றின் துளைகள் அமையும் வட்டம் 100 மி.மீ. என்ற பி.சி.டி. கணக்கில் ஹோண்டா ரிம் மைவியில் ஏறும். நட்டின் மரையும் ஒன்றுதான், எம்12×1.5. ஆனால் ஹோண்டா அசல் ரிம்மில் நட் உட்காரும் குழி பந்து வடிவம். மற்ற ரிம்களுக்குப் போடும் கூம்பு நட்டை அதில் முடுக்கினால் விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும், ஓட ஓடத் தளரும். ஹோண்டா நட்டே வாங்கிப் போட்டால் அந்தச் சிக்கல் தீரும். மையத்துளை 56.1 மி.மீ.; மைவி ஹப் 54.1. நடுவே ஒரு மி.மீ. தடிமனில் வளையம் வேண்டும், அதுவும் கிடைக்கும். கையில் கிடைத்த செட்டில் 15×5½ஜே, 53 என்று அச்சு இருந்தது; 53 என்பது ஈ.டி. சக்கரம் உள்ளே தள்ளிப் போகும். பொருந்தாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் நான்கில் இரண்டு ரிம்மில் புதுப் பெயிண்ட் அடித்திருந்தது. காரணம் சொல்ல விற்பவருக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டார்கள்.

பழைய ரிம்மில் புதுப் பெயிண்ட் ஒரு எச்சரிக்கை. பெயிண்ட் வெல்டிங்கையும் மறைக்கும், அரைத்த தடத்தையும் மறைக்கும். தூள் பூச்சு என்றால் இன்னும் கவனம் வேண்டும்: அதை 180–200 டிகிரியில் சுடுகிறார்கள், திரும்பத் திரும்பச் சுட்டால் அலுமினியத்தின் வலு குறையும்.

கிள்ளானில் தேர்ந்தெடுத்த விதம்

ஹாஃப்கட் கடையில் ஒரே மாடல் ரிம் ஆறு இருந்தது. ஜப்பான் தயாரிப்பு, வார்ப்பு அலாய், 15×6ஜே, ஈ.டி. 43, பி.சி.டி. 4×100, மையத்துளை 73.1. ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. இரண்டு முத்திரையும் வார்ப்பிலேயே இருந்தன, ஸ்டிக்கர் அல்ல. நான்குக்கு 700 ரிங்கிட் கேட்டார் தவுக்கே (கடை முதலாளி), 620க்கு இறங்கினார்.

இந்தப் பேரத்தில் விலையைவிட முக்கியமானது வேறு. 100 ரிங்கிட் முன்பணம் கட்டி, நான்கையும் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சோதித்து, மூன்று நாளுக்குள் கெட்டதை மாற்றிக்கொள்ளலாம் என்று ரசீதில் எழுதி வாங்கினார்கள். டயர் மாட்டிவிட்டால் திரும்ப எடுப்பதில்லை என்பது தவுக்கேயின் நிபந்தனை. நியாயமான நிபந்தனை. இப்படி எழுதிக் கொடுக்க மறுக்கும் கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பழைய ரிம் வாங்க வேண்டாம்.

பட்டறையில் நடந்த சோதனை:

முதலில் டீசலும் பிரஷும் கொண்டு பின்பக்கத்தைப் பளிச்சென்று கழுவினார்கள். பிரேக் கரி ஒட்டிய ரிம்மில் வெடிப்பு தெரியாது. பிறகு ஒவ்வொன்றையும் நட் துளையில் கம்பி கோத்துத் தொங்கவிட்டு மரக் கைப்பிடியால் தட்டினார்கள். நல்ல ரிம் மணிபோல் நீளமாக ஒலிக்கும். வெடித்தது சட்டென்று அடங்கும். இது முடிவான சோதனை அல்ல, சந்தேகம் எழுப்பும் சோதனை. நான்கில் ஒன்று மந்தமாக ஒலித்தது.

அடுத்து, டயர் இல்லாமல் பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுற்றி, விளிம்பில் டயல் கேஜ் வைத்து ஆட்டம் அளந்தார்கள். 1 மி.மீட்டருக்குள் இருந்தால் ஏற்பது என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். மூன்று ரிம்கள் 0.3, 0.5, 0.8. மந்தமாக ஒலித்தது 2.1.

அந்த ஒன்றில் வெடிப்பு காட்டும் சிவப்புச் சாயம் தெளித்தார்கள். வெல்டிங் சாமான் கடையில் கிடைக்கும். சுத்தப்படுத்தும் திரவம், சிவப்புச் சாயம், வெள்ளைப் பொடி என மூன்று டப்பா. முறை இது: சுத்தம் செய்து காயவிட்டு, சாயம் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மேலே இருப்பதைத் துணியால் முழுவதும் துடைத்து, வெள்ளைப் பொடி தெளிக்க வேண்டும். வெடிப்புக்குள் ஒளிந்த சாயம் வெள்ளைமேல் சிவப்புக் கோடாக ஊறி வரும். ஆரம் விளிம்போடு சேரும் மூலையில் 12 மி.மீ. நீளத்தில் கோடு வந்தது. கண்ணுக்கு அதுவரை தெரியாத கோடு. மறுநாள் அந்த ரிம் கிள்ளானுக்குத் திரும்பியது. பதிலுக்கு எடுத்து வந்த ஐந்தாவது ரிம் 0.4, சாயச் சோதனையிலும் சுத்தம்.

நட் துளைகளையும் பார்த்தார்கள். தளர்ந்த நட்டோடு ஓடிய ரிம்மில் துளை முட்டை வடிவமாகியிருக்கும், கூம்புப் பகுதியில் வரி வரியாகத் தேய்மானம் இருக்கும். இவற்றில் இல்லை. டயர் உட்காரும் இடத்தில் வெள்ளையாகப் பூத்த அரிப்பு இரண்டு ரிம்மில் இருந்தது. நைலான் பிரஷால் தேய்த்து எடுத்தார்கள். அதை விட்டிருந்தால் காற்று மெல்லக் கசியும்.

15 அங்குலத்துக்கு ஏன் போனார்கள்

14 அங்குலத்தில் முத்திரையோடு நல்ல செட் அந்த வாரம் கிடைக்கவில்லை. 15 அங்குலமோ இதே காரின் 1.5 வகைக்கு நிறுவனமே கொடுத்த அளவு, 185/55ஆர்15. மொத்த விட்டம் 14 அங்குல டயருக்கு 583, இதற்கு 584.5 மி.மீ. வேகமானி பிசகாது. சுமை எண் இரண்டிலும் 82, அதாவது ஒரு டயருக்கு 475 கிலோ. கதவோர ஸ்டிக்கரில் சொன்ன காற்றழுத்தத்தைக் குறைக்கவோ கூட்டவோ தேவை வரவில்லை. 195/50ஆர்15 சற்று மலிவாகக் கிடைத்தது, ஆனால் அதன் சுவர் 97.5 மி.மீ. நான்கு மி.மீட்டரையும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று ஒதுக்கினார்கள்.

செலவு: ரிம் 620, புது டயர் நான்கு, ஒன்று 190 வீதம் 760, ஹப் வளையம் நான்கு 32, கூம்பு நட் பதினாறு 48, வால்வு நான்கு 16, மாட்டிப் பேலன்ஸ் பார்க்க 40, அலைன்மெண்ட் 40. ஆகமொத்தம் 1,556 ரிங்கிட். பாதிக்கு மேல் டயருக்கும் சில்லறைச் சாமான்களுக்கும் போனதைக் கவனியுங்கள். ரிம்மிலேயே பணத்தைக் கொட்டிவிட்டுக் கடைசியில் பழைய டயர் மாட்டுபவர்கள்தான் அதிகம்.

மாட்டியதும் முதல் பிழையும்

டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மை ஹப்பில் மாட்டிப் பார்த்தார்கள். பிரேக் கேலிப்பரில் எங்கும் தொடவில்லை. நட்டைக் கையால் சுற்றியபோது ஒன்பது சுற்று ஏறியது. எம்12×1.5 மரைக்கு எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். அதற்குக் குறைந்தால் ரிம்மின் அடிப்பாகம் தடிமன் அதிகம், நீள ஸ்டட் (நட் ஏறும் மரைக் கம்பி) தேவை என்று அர்த்தம்.

வேலை முடிந்து மூன்றாம் நாள் நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கியது. மறுபடி பேலன்ஸ் பார்த்தார்கள், நான்கும் பூஜ்யம். அலைன்மெண்ட் மேல் பழி போடும் நேரத்தில் பட்டறைக்காரர் முன் வலது சக்கரத்தைக் கழற்றி ஹப் வளையத்தை விரலால் சுற்றினார். வளையம் ஹப்பின்மேல் கடகடவென்று ஆடியது. பின்னால் பொடி எழுத்தில் 73.1–56.1. மற்ற மூன்றும் 73.1–54.1. சாமான் கடையில் ஒரே டப்பாவில் கலந்து கிடந்திருக்கிறது. புரோட்டோனுக்கும் ஹோண்டாவுக்கும் 56.1, பெரோடுவாவுக்கு 54.1, கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

கூம்பு நட் இருந்தால் ரிம் தானே மையத்துக்கு வந்துவிடும், வளையம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நட்டைக் கையால் பிடித்து, சக்கரம் தொங்கும் நிலையில் எதிரெதிராக முடுக்கினால் பெரும்பாலும் வரும். ஆனால் காற்றுத் துப்பாக்கியால் ஒரு நட்டை முதலிலேயே இறுக்கிவிட்டால் ரிம் ஒரு பக்கம் சாய்ந்தபடியே பூட்டிக்கொள்ளும். இங்கே நடந்தது அதுதான்: தளர்ந்த வளையமும் துப்பாக்கி முடுக்கலும் சேர்ந்து. சரியான வளையம் போட்டு, ஹப் முகத்தின் துருவைக் கம்பிப் பிரஷால் எடுத்து, நான்கு நட்டையும் கையால் ஏற்றி, எதிரெதிராக இரண்டு கட்டத்தில் டார்க் ஸ்பேனரால் 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கினார்கள். நடுக்கம் நின்றது. 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஸ்பேனர் வைத்தபோது இரண்டு நட் கால் சுற்று ஏறின. புது ரிம் மாட்டினால் இந்த இரண்டாம் முடுக்கலைத் தவிர்க்கவே கூடாது.

மழைக்காலத்தில் நடந்தது

நவம்பரில் தோட்டச் சாலையில் ஒரு பின் டயர் ஆணி குத்தி இறங்கியது. ஸ்பேர் டயர் பழைய 14 அங்குல இரும்பு ரிம். டயர் விட்டம் கிட்டத்தட்ட சமம் என்பதால் அவசரத்துக்கு அது போதும். தம்பி ஜாக்கி போட்டு மாட்டப் பார்த்தார். ரிம் ஹப்பில் உட்காரவில்லை, பத்து மி.மீ. இடைவெளி விட்டு நின்றது. நட்டை முடுக்கி இழுத்துவிடலாம் என்று பட்டறைக்குப் போன் செய்தார்.

"இழுக்காதே தம்பி. ஹப்புல கறுப்பு வளையம் ஒட்டிக்கிட்டிருக்கா பாரு."

"இருக்கு அண்ணே."

"அதைக் கழட்டு. ஸ்பேருக்கு அது ஆகாது."

ரிம்மைக் கழற்றும்போது பிளாஸ்டிக் வளையம் சேறோடு ஹப்பிலேயே தங்கிவிட்டது. ஸ்பேரின் மையத்துளை 54.1, வெளிவிட்டம் 73.1 உள்ள வளையத்தின்மேல் அது எப்படி ஏறும்? நட்டால் இழுத்திருந்தால் வளையம் நசுங்கி ரிம் கோணலாக நின்றிருக்கும், ஓடினால் நட் தளர்ந்திருக்கும். ஸ்குரூட்ரைவரால் நெம்பி வளையத்தை எடுத்ததும் ஸ்பேர் தட்டையாக உட்கார்ந்தது. புதிதாக வாங்கிய கூம்பு நட்டே இரும்பு ரிம்முக்கும் பொருந்தியதால் வேறு நட் தேட வேண்டியிருக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து

சக்கரங்களைக் கழற்றி மறுபடி அளந்தார்கள். ஆட்டம் மூன்று ரிம்மில் முன்போலவே. முன் இடது மட்டும் 0.4இலிருந்து 0.7க்குப் போயிருந்தது, லோரிக்கு ஒதுங்கும்போது ஓரக் குழியில் இறங்கியது ஆசிரியைக்கு நினைவிருக்கிறது. அதே டயரின் உள்சுவரில் கிள்ளிய தடம் ஒன்று, ஆனால் வீங்கவில்லை. சாயச் சோதனை சுத்தம். காற்று இறக்கம் எந்தச் சக்கரத்திலும் இல்லை. பூ நான்கிலும் சமமாகத் தேய்ந்திருந்தது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

நேரம் இருந்திருந்தால் 14 அங்குலத்துக்கே காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். பட்டறைக்காரர் இதை ஏற்கவில்லை, 102 மி.மீ. போதும் என்கிறார், எட்டு மாதக் கணக்கு அவர் பக்கம் இருக்கிறது. ஆனால் முன் இடது ரிம் நகர்ந்த 0.3 மி.மீட்டரை நாங்கள் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் ஆறு கிலோமீட்டர் செம்மண்ணில் ஓடும் காருக்குக் கூடுதல் 12 மி.மீ. சுவர் எந்த முத்திரையைவிடவும் பெரிய காப்பு.

ஆறு ரிம்மில் நான்கு எடுத்தபோது ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்து வாங்கியிருக்கலாம். தயாரிப்பு நின்றுபோன மாடல், ஒன்று வெடித்தால் ஜோடி கிடைக்காது. பட்ஜெட்டில் 44 ரிங்கிட்தான் மிச்சம் என்பதால் அப்போது முடியவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது கடையில் அது போய்விட்டது.

பிளாஸ்டிக் வளையத்துக்குப் பதில் அலுமினிய வளையம் வாங்குவதா என்ற கேள்விக்கு இங்கே பதில் வேண்டாம் என்பதே. அலுமினியம் ஹப் துருவோடு கடித்துக்கொள்ளும். தோட்டச் சாலையில் ராத்திரி நேரத்தில் அதை நெம்பி எடுக்க முடியாது. பிளாஸ்டிக் போதும், ஆனால் ஒவ்வொரு வளையத்தின் பின்னால் உள்ள எண்ணையும் கடையிலேயே படித்துவிட்டு வாங்க வேண்டும்.

பட்டறையில் இப்போது ரிம் மாற்றும் ஒவ்வொரு காருக்கும் ஒரு அட்டை எழுதி ஸ்பேர் டயர் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுகிறார்கள். இந்த மைவியின் அட்டையில் இருப்பது: வளையம் 73.1–54.1, ஸ்பேர் மாட்டும் முன் கழற்றவும். நட் கூம்பு, எம்12×1.5, முடுக்கும் அளவு 100 நியூட்டன் மீட்டர், மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்கவும்.